ஸவாதும் நைலும்

பாக்தாதை ஹுலாகுவின் படை 1258-இல் (ஹிஜ்ரி 656) அழித்த துயரத்தைப் பேசும்போது, இராக்கின் வயல்களும் அன்றே பாழாயின என்று கூறி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பழியைப் பகைவன் தலையில் ஏற்றுவது எளிது. இராக்கின் மண்ணையும் எகிப்தின் மண்ணையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின், வரலாறு வேறொன்றையும் சேர்த்துச் சொல்வதைக் காண்போம்.

உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில்தான் இவ்விரு நாடுகளும் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தன. இராக்கின் வண்டல் சமவெளியை அரபிகள் 'ஸவாது' என்றனர். கருமை என்பது அதன் பொருள். பாலையிலிருந்து வருவோர் கண்ணுக்கு அங்குள்ள பேரீச்சந் தோப்புகளும் பயிர்களும் கருத்துத் தோன்றியமையால் வந்த பெயர் அது. அந்நிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிடாமல், உழுதவர்களிடமே விட்டுக் கராஜ் எனும் நிலவரி விதித்தார்கள் உமர் (ரலி) அவர்கள். அளந்தபோது அது 3 கோடியே 60 லட்சம் ஜரீப் இருந்ததாக இமாம் அபூயூஸுஃப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் குறிக்கிறார். எகிப்திலோ வரியின் அளவு நைலின் உயரத்தைப் பொறுத்திருந்தது. அவ்வுயரத்தைக் கணிக்க அப்பாஸியக் கலீஃபா முதவக்கில் 861-இல் ரவ்ழா தீவில் அமைத்த அளவைத் தூண் இன்றும் இருக்கிறது.

இரண்டும் ஆற்றை நம்பிய நாடுகளே. ஆயினும் ஆறுகளின் இயல்பு வேறு. நைல் ஆகஸ்டு, செப்டம்பரில், அறுவடை முடிந்தபின் பெருகும். உழவர்கள் வயல்களைச் சுற்றிக் கரையிட்டு, வெள்ளத்தை ஒரு மாதத்திற்கு மேல் தேக்கிவைத்துப் பின்னர் ஆற்றுக்கே வடித்துவிட்டனர். வண்டல் தங்கியது, உப்பு கழுவப்பட்டது.

தஜ்லாவும் (டைகிரிஸ்) ஃபுராத்தும் (யூப்ரடிஸ்) ஏப்ரல், மே மாதங்களில், பயிர் விளைந்து நிற்கையில் பெருகுவன. ஆகவே வெள்ளத்தைத் தடுத்துக் கால்வாய் வழியே நீர் பாய்ச்ச நேர்ந்தது. நிலமோ தட்டையானது; வடிகால் போதாது. மிஞ்சிய நீரால் நிலத்தடி நீர் உயர்ந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மண்ணின் மேல் விட்டுச் சென்றது. பஸ்ராவை அடுத்த உவர் நிலங்களில் அவ்வுப்பை அகற்றும் வேலையில் ஆப்பிரிக்க அடிமைகள் வதைபட்டனர். 869 முதல் 883 வரை நீடித்த ஸன்ஜ் கிளர்ச்சி அங்கேதான் மூண்டது. 937-இல் இப்னு ராயிக் என்ற தளபதி, தம்மை எதிர்த்து வந்த படையைத் தடுப்பதற்காக நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்தார். ஹுலாகு வந்தது இதற்கு 321 ஆண்டுகளுக்குப் பின்னரே! பெரிய ஆறுகளின் கரைகளைக் காக்கும் செலவு பைத்துல்மாலைச் சார்ந்தது என்று அபூயூஸுஃப் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதியிருந்தார். நூல் இருந்தது, அதன்படி நடப்போர் இல்லாது போயினர்.

எகிப்து தப்பிவிட்டதா? அதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் முஹம்மது அலீ பாஷா பருத்திக்காக, கோடையிலும் நீர் பாயும் ஆழ்ந்த கால்வாய்களை வெட்டுவித்தார். 1970-இல் அஸ்வான் உயர் அணை நிறைவேறியபின் எகிப்தின் வயல்களில் வெள்ளம் ஏறுவதே நின்றது. அணையால் விளைந்த நன்மை சிறிதன்று. 1980-களின் வறட்சியில் எகிப்தைக் காத்தது அதுவே. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னே தங்கியது. நிலத்தடி நீர் உயர, உப்பும் எழுந்தது. இலட்சக்கணக்கான ஏக்கர் வயல்களின் அடியில் வடிகுழாய்கள் பதிக்க வேண்டியதாயிற்று. இராக்கும் இரு நதிகளுக்கிடையே 565 கிலோமீட்டர் நீள வடிகாலை 1992-இல் வெட்டி முடித்தது.

ஆக, நைல் தானே செய்துவந்த பணியை மனிதன் தன் கையால் செய்ய வேண்டிய நிலைக்கு எகிப்தும் வந்து சேர்ந்தது. நிலத்திற்கு நீரைக் கொண்டுவருதல் பாதிக் கடமை. அதை வடியச் செய்தல் மறுபாதி. அந்த மறுபாதியை மறந்த குற்றத்தில் ஹுலாகுவுக்குப் பங்கில்லை. முன்னோரின் பெருமையைப் பேசும் நாம், அவர்கள் கைவிட்ட கால்வாய்களைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக.