அப்பாவுக்கு வந்த நோய் பிள்ளைக்கும் வருமா? மோட்டார் நியூரான் நோயின் முதல் மரபணு சிக்கியது எப்படி?

நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று கழன்று போகிறது. சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்க மறுக்கிறது. வலி கிடையாது, மரத்துப்போவதும் கிடையாது. 'ஏதோ சத்துக் குறைவு' என்று நினைத்தே சில மாதங்கள் ஓடிவிடும். மோட்டார் நியூரான் நோய் பலருக்கும் இப்படித்தான் தொடங்குகிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்பு செல்கள்தான் மோட்டார் நியூரான்கள். அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக, தசைகள் மெலிகின்றன. நடை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என எல்லாம் பாதிக்கப்படும். இதில் அதிகம் காணப்படும் வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். அறிகுறி தொடங்கி 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோர் இறந்துவிடுகிறார்கள். 21 வயதில் நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் 76 வயது வரை வாழ்ந்தது அரிதிலும் அரிது. அவரை வைத்து இந்த நோயை எடைபோட முடியாது.

நோயாளிகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது குடும்பவழியாக வருகிறது. அந்த வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அப்பாவுக்கு வந்துச்சே, எனக்கும் வருமா?"

யார் இந்த தீபு சித்திக்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் தீபு சித்திக். கராச்சியில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற நரம்பியல் மருத்துவர். 1980-களில், தலைமுறை தலைமுறையாக ஏ.எல்.எஸ். வரும் குடும்பங்களைத் தேடி ரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் மகனுக்கு அறிகுறி தெரியும்போது, பெரும்பாலும் அப்பா உயிரோடு இருக்க மாட்டார். இரண்டு தலைமுறையின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே பெரும்பாடு.

1991-ல், கோளாறு சில குடும்பங்களில் 21-வது குரோமோசோமில் இருப்பதாக அவரது குழு கண்டறிந்தது. 1993-ல் பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் பிரவுன் உள்ளிட்டோருடன் சேர்ந்து மரபணுவையே பிடித்துவிட்டார்கள். 13 குடும்பங்களில், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் 11 விதமான பிழைகள். ஏ.எல்.எஸ். நோய்க்குக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மரபணு இதுதான்.

எலி சொன்ன சேதி

எஸ்.ஓ.டி.1 புரதத்தின் வேலை, செல்லுக்குள் உருவாகும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜனை அகற்றுவது. அப்படியென்றால் பிழை வந்ததும் அந்தத் துப்புரவு வேலை நின்றுபோய், அதனால்தான் நரம்பு சாகிறது என்றுதானே யோசிப்போம்? விஞ்ஞானிகளும் முதலில் அப்படித்தான் யோசித்தார்கள்.

1994-ல் சித்திக் பணியாற்றிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், மனிதரின் பிழையான மரபணுவை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்த எலிகளிடம் அவற்றின் சொந்த, நல்ல எஸ்.ஓ.டி.1 அப்படியே இருந்தது. அதாவது துப்புரவு வேலையில் குறையே இல்லை. இருந்தும் கால்கள் செயலிழந்து எலிகள் செத்தன. பிறகு, இந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கினால், அவற்றுக்கு இந்த நோய் வரவில்லை!

ஆக, வேலை நின்றுபோனது சிக்கல் இல்லை. பிழையான புரதமே விஷமாகிறது. சிகிச்சையின் திசையையே மாற்றிய விடை இது. புரதத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்.

மருந்து வந்துவிட்டதா?

வந்தது, மரபணு சிக்கி 30 ஆண்டுகள் கழித்து. முதுகுத்தண்டு வழியாக ஊசியில் செலுத்தப்படும் டோஃபர்சென், எஸ்.ஓ.டி.1 புரதம் உருவாவதைக் குறைக்கிறது. 108 பேரிடம் நடந்த சோதனையில் 28 வாரங்களில் நோயாளிகளின் இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் நரம்பு சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் ரத்தத்தில் பாதிக்கும் மேல் குறைந்தது. அதை வைத்தே 2023 ஏப்ரலில் அமெரிக்கா விரைவு அனுமதி கொடுத்தது.

எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். மொத்த ஏ.எல்.எஸ். நோயாளிகளில் அவர்கள் சுமார் 2 சதவீதம்தான். 2011-ல் தெரியவந்த சி9ஓ.ஆர்.எஃப்.72 என்ற மரபணுதான் குடும்பவழி நோய்க்கு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் முதன்மைக் காரணம். அதற்கு இதே பாணியில் முயன்ற ஒரு மருந்து 2022-ல் தோற்றது.

சரி, எனக்கும் வருமா?

பெற்றோரில் ஒருவரிடம் எஸ்.ஓ.டி.1 பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு பொதுவாக 50 சதவீதம். பிழை இருந்தும் நோயே வராமல் வாழ்பவர்களும் உண்டு. அது எந்த வகைப் பிழை என்பதைப் பொறுத்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வந்த நோயாளிகள் சிலரிடமும் இந்தப் பிழை தென்படுகிறது. அதனால் நோய் உறுதியானவர்கள் மரபணுப் பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

நலமாக இருக்கும் பிள்ளைகள் பரிசோதிப்பது வேறு கதை. "தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்?" என்று விலகிக்கொள்பவர்களைக் குறை சொல்ல முடியாது. முடிவு தெரிந்தபின் அதை அழிக்க வழியில்லை என்பதால், மரபியல் ஆலோசகரிடம் பேசிவிட்டே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

எஸ்.ஓ.டி.1 விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உருவாகி வருகிறது. 2021-ல் தொடங்கிய அட்லஸ் என்ற சோதனையில், பிழை இருந்தும் அறிகுறி இல்லாதவர்களின் ரத்தம் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. நியூரோஃபிலமென்ட் ஏறினால், செருப்பு கழலும் நாளுக்குக் காத்திருக்காமல் ஊசியைத் தொடங்குவதே திட்டம்.