பென்டிரைவும் பாதரசமும்

போன மாதம் பீரோவை ஒழித்தபோது பழைய பென்டிரைவ் ஒன்று அகப்பட்டது. 2008இல் நடந்த அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் அதில்தான் இருந்தன. செருகிப் பார்த்தால் பாதிப் படங்கள் திறக்கவில்லை. "வருஷக்கணக்கா சும்மாவே வெச்சிருந்தீங்களா சார்? அதான்" என்றார் கடைக்காரத் தம்பி. கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கே இது உறைக்கவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

கம்ப்யூட்டர் மெமரியின் சரித்திரமே மறதியோடு நடத்திய போராட்டம்தான்.

1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கம்ப்யூட்டரின் மெமரி, பாதரசம் நிரப்பிய குழாய்கள். தகவலை ஒலித் துடிப்புகளாக்கி ஒரு முனையில் அனுப்புவார்கள். மறுமுனைக்கு வந்ததும் அதைப் பிடித்து, வலுவூட்டி, மீண்டும் முதல் முனைக்கே அனுப்புவார்கள். யாராவது போன் நம்பர் சொன்னால், பேனா கிடைக்கும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்போமே, அதே கதை. நிறுத்தினால் போச்சு.

அடுத்து வந்தது காந்த வளையம். 1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு வர்ல்விண்ட் கம்ப்யூட்டரில் அதைப் பொருத்தியது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டிஃப்ராக்கிலும் இதே வகைதான். 1973இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் இருந்த ஐ.பி.எம். 1401இலும் இதுவே. கடுகளவு கறுப்பு வளையங்களைப் பாசிமணிபோல் மெல்லிய கம்பிகளில் கோத்திருப்பார்கள். காந்தம் வலச்சுற்றா, இடச்சுற்றா என்பதுதான் ஒன்றா, பூஜ்யமா என்பது. அந்த மாடலில் அதிகபட்சம் 16,000 எழுத்துகள் கொள்ளும். இன்று ஒரு வாட்ஸ்அப் படமே அதைவிடப் பெரிசு.

கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஆனால் ஒரு விசித்திரம்: படித்தால் அழிந்துவிடும்! வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பிப் பார்த்துத்தான் முன்பு என்ன இருந்தது என்றே அறியமுடியும். அதனால் ஒவ்வொரு முறை படித்ததும் இயந்திரமே மறுபடி எழுதிவைக்கும்.

பிறகு சிப் வந்தது. ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற டிராம் மெமரியில், ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடம். விநாடிக்குப் பல முறை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கரண்ட் போனால் குடம் காலி. 1970இல் வந்த இன்டெல் 1103 சிப்பில் 1,024 பிட்தான். ஆனால் மலிவு. சில வருடங்களில் வளையங்களுக்கு விடைகொடுத்துவிட்டார்கள்.

பென்டிரைவில் உள்ளது ஃபிளாஷ் மெமரி. மின்னூட்டத்தைக் காப்புப் படலத்துக்குள் சிறைவைத்திருப்பதால் கரண்ட் இல்லாமலே வருடக்கணக்கில் நிற்கும். ஆனாலும் மெல்ல மெல்லக் கசியத்தான் செய்யும்.

ஆக, பாதரசத்துக்குச் சொன்னதேதான் பென்டிரைவுக்கும்: மறுபடி மறுபடி எழுதினால்தான் நிலைக்கும். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பென்டிரைவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். படங்களை இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

திறந்த படங்களை மூன்று இடங்களில் போட்டுவைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கலச நீர் ஊற்றும் படம் மட்டும் வரவில்லை. பிரிண்ட் ஏதாவது இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.