சனி கிரகத்துக்காரர் ஊர் திரும்பிய கதை: சன் ராவின் கடைசி 25 ஆண்டுகள்

ஜாஸ் உலகின் விசித்திரமான மனிதர்கள் என்று பட்டியல் போட்டால் சன் ராவின் பெயர் முதலில் வரும். "நான் சனி கிரகத்திலிருந்து வந்தவன்" என்று சொல்லிக்கொண்டவர் அவர். பளபளக்கும் அங்கி, எகிப்திய பாணித் தலைக்கவசம் சகிதம் மேடையேறுவார். பியானோவில் விரல்களோடு முழங்கையும் விளையாடும்! 'சும்மா விளம்பரத்துக்கு' என்று சிரித்தவர்களும் உண்டு.

ஆவணங்கள் சொல்வது வேறு. 1914 மே 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹெர்மன் பூல் பிளவுண்ட். பள்ளி, பேருந்து, உணவகம் என எல்லா இடத்திலும் கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்த ஊர் அது. 1952-இல் சட்டப்படியே பெயரை மாற்றிக்கொண்டார். அதன்பின் பிறந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நேரான பதில் கிடைக்காது.

சிகாகோவிலும் நியூயார்க்கிலும் இசைக்குழு நடத்திய கதை பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1968-க்குப் பிந்தைய காலம்தான். அந்த ஆண்டு குழுவோடு ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மார்டன் தெருவில் இருந்த வீடு, குழுவின் சாக்சபோன் கலைஞர் மார்ஷல் ஆலனின் தந்தைக்குச் சொந்தமானது. கலைஞர்கள் பலர் அங்கேயே சேர்ந்து வாழ்ந்தார்கள். மதுவும் போதையும் கூடாது. ஒத்திகைக்கு இரவு பகல் கிடையாது. குழுவின் பெயர் 'ஆர்க்கெஸ்ட்ரா'தான். ஆனால் அதன் எழுத்துகளை மாற்றி, நோவாவின் பேழையைக் குறிக்கும் 'ஆர்க்' என்ற சொல்லை அதற்குள் நுழைத்திருந்தார். அந்த வீடும் ஒரு பேழை மாதிரிதான்.

வருமானம் என்னவோ குறைவு. பெரிய கம்பெனிகளை நம்பாமல் 1950-களிலேயே 'சாட்டர்ன்' என்ற பெயரில் சொந்தமாக இசைத்தட்டுகள் வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் சிலவற்றின் உறைகளைக் கையால் வரைந்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார்கள். 1971-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சன் ரா பாடம் நடத்தினார். அதே ஆண்டு இறுதியில் எகிப்துக்குப் போய் வாசித்தார். 1974-இல் 'ஸ்பேஸ் இஸ் த ப்ளேஸ்' திரைப்படம் வெளிவந்தது. கறுப்பின மக்களை வேறொரு கிரகத்துக்கு அழைத்துப் போக வருபவராக அதில் அவரே நடித்தார். பூமியில் சமமான இடம் கிடைக்காதவர்களுக்கு விண்வெளி என்ற கற்பனை எதற்குத் தேவைப்பட்டது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

சோதனை இசைக்குப் பேர்போன அவர், 1970-களில் ஃப்ளெட்சர் ஹென்டர்சனின் பழைய நடனப் பாடல்களை மறுபடி மேடையேற்றத் தொடங்கினார். காதைத் துளைக்கும் சின்தசைசர் முழக்கத்துக்கு அடுத்ததாக 1930-களின் துள்ளல் இசை வரும்! ரசிகர்கள் சிலர் குழம்பினார்கள். ஆனால் அவருக்கு அது கடன் தீர்ப்பது போல. 1940-களில் சிகாகோவின் டிலிசா கிளப்பில் ஹென்டர்சனிடமே வேலை பார்த்தவர் அவர். பென்னி குட்மேன் என்ற வெள்ளைக்காரரின் குழு 1930-களில் நாடெங்கும் புகழ்பெற்றதற்கு, ஹென்டர்சன் எழுதிக்கொடுத்த இசையமைப்புகள் முக்கியக் காரணம். குட்மேனுக்கு 'ஸ்விங் மன்னர்' என்ற பட்டம் கிடைத்தது. ஹென்டர்சனை ஊர் மறந்துகொண்டிருந்தது. எதிர்காலத்தைப் பற்றியே பேசிய சன் ரா, அந்த மறதியை ஏற்கவில்லை. 1980-களின் இறுதியில் டிஸ்னி படப் பாடல்களைக்கூட வாசித்தார்.

அங்கீகாரமும் மெல்ல வந்தது. 1978-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1982-இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு வழங்கும் ஜாஸ் மாஸ்டர் கௌரவம்.

1990-இல் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வாசித்தார். 1992 ஜூலை 4 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 'சோனிக் யூத்' என்ற ராக் குழுவோடு ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில், அவருடைய குழுவின் பாடகி ஜூன் டைசன் காலமானார்.

1993 ஜனவரியில், உடல் மிகவும் தளர்ந்த நிலையில், அவர் போய்ச் சேர்ந்த இடம் பர்மிங்காம். கூடப்பிறந்த அக்காவிடம். மே 30 அன்று அங்கேயே இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்தில். நீதிமன்றம் தலையிடும்வரை கறுப்பர்களுக்கு இடம் தராத கல்லறை அது! கல்லில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

தலைவர் போனால் குழு கலையும் என்பதுதான் வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. 1953 முதல் கூடவே இருந்த ஜான் கில்மோர் பொறுப்பேற்றார். ஜான் கோல்ட்ரேனே வியந்த சாக்சபோன் கலைஞர் அவர். 1995-இல் அவரும் மறைந்தபின் மார்ஷல் ஆலன் தலைமை ஏற்றார். 2024 மே 25 அன்று ஆலனுக்கு 100 வயது நிறைந்தது. அவர் தன் பெயரில் முதல் தனி ஆல்பம் வெளியிட்டது 2025-இல்தான்!

சனி கிரகக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வெறும் விளம்பரத்துக்காகச் சொன்ன கதையை நம்பி இத்தனை பேர், காசும் பெரிதாக வராத நிலையில், ஆயுள் முழுக்க ஒத்திகைக்கு வந்திருப்பார்களா? சன் ராவின் கடைசி 25 ஆண்டுகளில் உருவான மிகப் பெரிய படைப்பு, மார்டன் தெரு வீட்டில் பழகி வளர்ந்த அந்தக் குழுதான்.