குறைமாதச் சிசுக்களின் பார்வையைக் காக்கும் திகதி

கொக்கிளாயிலோ, கடனீரேரிக்கு அக்கரையிலுள்ள புல்மோட்டையிலோ ஒரு தாய்க்குக் குறைமாதத்தில் பிரசவம் நேர்ந்தால், சிசுவின் உயிர்காக்கும் சிகிச்சைக்காகத் தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலையையே நாட வேண்டியுள்ளது. வாரக்கணக்கில் காத்திருந்து குழந்தையுடன் வீடு திரும்பும் பெற்றோர், ஆபத்து நீங்கிவிட்டதென ஆறுதலடைவது இயல்பே. ஆனால், கண்ணுக்குரிய ஆபத்து அதன் பின்னரும் தொடரக்கூடும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதமளவில் வளரத் தொடங்கி, பிரசவ காலத்தை அண்டியே முழுமை பெறுகின்றன. முன்கூட்டியே பிறக்கும் சிசுவில் இவ்வளர்ச்சி தடைப்பட்டு, பின்னர் குழாய்கள் முறைகேடாகப் பெருகலாம். அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசனும் இதனைத் தூண்டும். பல சிசுக்களில் இந்நோய் தானாகவே தணிந்துவிடும். தணியாதவிடத்து விழித்திரை கழன்று நிரந்தரப் பார்வையிழப்பு ஏற்படும். ஆரம்பத்தில் வெளித்தோற்றத்தில் எந்த அறிகுறியும் தென்படாது என்பதே இதிலுள்ள பேராபத்தாகும்.

இந்திய வழிகாட்டலின்படி, 34 வாரங்களுக்கு முன்னர் பிறந்த அல்லது 2 கிலோகிராமிற்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களை, பிறந்து நான்கு வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். மிகச் சிறிய சிசுக்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே அது அவசியம். நோய் முற்றினால் லேசர் சிகிச்சையோ, கண்ணினுள் ஊசி மருந்தோ சில தினங்களுக்குள் வழங்கப்பட வேண்டும். ஊசி மருந்தின் பின்னர் மாதங்கள் கழித்தும் நோய் மீளலாமாதலால், தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது.

1996 இல் சென்னை அரச வைத்தியசாலையொன்றில் 29 ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, இப்பரிசோதனை பற்றிப் பெற்றோருக்கு அறிவிக்கப்படாமையால் பார்வையை இழந்தது. 2015 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி இந்திய ரூபாவை இழப்பீடாக வழங்கத் தீர்ப்பளித்தது. எனினும், இழந்த பார்வையை எந்தப் பணமும் மீட்டுத் தராது.

கர்நாடக மாநிலத்தில் 2008 முதல், பயிற்றப்பட்ட உத்தியோகத்தர்கள் கிராமப்புற வைத்தியசாலைகளுக்குச் சென்று சிசுக்களின் விழித்திரையைப் படம்பிடித்து, பெங்களூரிலுள்ள நிபுணர்களுக்கு அனுப்பி வருகின்றனர். வன்னிக்கும் இத்தகைய ஏற்பாடு பெரிதும் பொருந்தும்.

அதுவரை, குறைமாதச் சிசு வீடு செல்லும்போதே கண் பரிசோதனைத் திகதியை அதன் சுகாதாரப் பதிவேட்டில் குறித்துக் கொடுப்பது வைத்தியசாலையின் கடமை. அதனை நினைவூட்டுவது மருத்துவமாதின் கடமை. ஒரு நாள் தொழில் இழப்பும் நெடும்பயணமும் கடற்றொழிலாளர் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையே என்பதை நாம் அறிவோம். ஆயினும், அந்த ஒரு திகதியைத் தவறவிட்டால் ஒரு வாழ்நாள் முழுவதும் இருளாகிவிடும் என்பதை மறந்துவிடலாகாது.