காணியிலிருந்து ஏர் வரை

கண்டாச்சிபுரம், விழுப்புரம் பகுதியில் நிலத்தின் பழைய அளவு காணி. 100 குழி ஒரு காணி. ஏறத்தாழ 132 சென்ட். காணி என்பதே 1/80 என்னும் பின்னத்தின் பெயரும் ஆகும். மா 1/20, முந்திரி 1/320. அந்தக் கணக்கில் தசமப் புள்ளிக்கு வேலையே இல்லை.

ஆங்கிலேயர் கால அளவை ஏக்கரையும் சென்டையும் கொண்டுவந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நாணயமும் தசம முறைக்கு மாறியது. பிறகு பட்டாவில் ஹெக்டேரும் அதன் நூற்றில் ஒரு பங்கான ஏரும் இடம்பிடித்தன.

தசமப் புள்ளியின் சிக்கல் கணினியில்தான் கூர்மையானது. பட்டாவில் ‘0 - 5.00’ என்றால் 0 ஹெக்டேர், 5 ஏர். தரவுத்தளத்தில் ஹெக்டேராகச் சேமிக்கும்போது அது 0.0500 ஆக வேண்டும். படிவத்தின் இரு கட்டங்களையும் வெறுமனே ஒட்டினால் 0.5 ஆகிவிடும், 12.35 சென்ட் நிலம் 123.5 சென்டாகிவிடும். ஒரு சுழியம் விட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் நிலக்கணக்கே பிசகும். ஏரை 100ஆல் வகுத்து, நான்கு தசம இடங்கள் கொண்ட துல்லிய எண்ணாகச் சேமிப்பதே சரியான தீர்வு. தோராய மிதவைப்புள்ளி எண் இதற்கு ஆகாது.

பட்டா நகல் பெறுவோர் ஏரை 2.47ஆல் பெருக்கி, பத்திரத்திலுள்ள சென்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.