‘தி’: ஒரு சொல்லில் தொங்கும் வம்சங்கள்

1854-ல், கியூபெக் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள லெவியில் ஓர் ஆண் குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. பெயர்: காப்ரியேல் அல்ஃபோன்ஸ் ருவா தி தெஜார்தேன். 1900-இல் அதே ஊரில் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கம் ஒன்றை நிறுவி, பெரும் நிதி இயக்கத்துக்கு வித்திட்டவர் இவர்தான். இன்று கனடாவில் அவரை அல்ஃபோன்ஸ் தெஜார்தேன் என்றே அறிவார்கள். ‘ருவா’ உதிர்ந்துவிட்டது, அதை ஒட்டி நின்ற ‘தி’யும் உதிர்ந்துவிட்டது.

பிரெஞ்சில் ‘தீர்’ என்றால் சொல்லுதல். லத்தீன் ‘தீகெரே’யிலிருந்து வந்த வினை அது. அதன் இறந்தகால எச்சமே ‘தி’, பெண்ணுக்கு ‘தித்’. நம் பத்திரங்களில் வரும் ‘முத்து என்கிற முத்துக்கருப்பன்’ போன்ற பயன்பாடு. ஆனால் நம் ‘என்கிற’ அந்த ஒருவரோடு முடிந்துவிடும். கனடாவிலோ ‘தி’க்குப் பின் வந்த பெயர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியது.

இந்த வழக்கத்தின் வலுவான ஊற்று பட்டாளம். 1665-இல் பிரான்ஸின் காரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவு, நியூ பிரான்ஸ் எனப்பட்ட கனடாவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் வந்திறங்கியது. சுமார் 1,200 பேர். அவர்களில் 400 பேரளவில் அங்கேயே குடியமர்ந்தார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களுக்குப் ‘போர்ப்பெயர்’ உண்டு. ஒரே கம்பெனியில் பல ழான்களும் பல பியேர்களும் இருந்தால் வேறென்ன செய்வது? லாஃப்ளேர் (பூ), லாத்யுலிப் (துலிப்), சான்சூசி (கவலையற்றவன்), ஜொலிகேர் (இனிய மனத்தான்) என்று பெயர்கள் பிறந்தன. சொந்த மண்ணும் பெயரானது: ஆன்ஜூ பகுதிக்காரர் லான்ஜவேன், பிக்கார்தி பகுதிக்காரர் பிக்கார்.

பட்டாளத்தோடு நிற்கவில்லை இது. நியூ பிரான்ஸின் பாத்திஸ்கான் ஊரில் குடியேறிய ரிவார் சகோதரர்களைப் பாருங்கள். நிக்கோலா ரிவார் தி லாவீன். ரொபேர் ரிவார் தி லொரான்ஜே. இவர்கள் வழிவந்தோர் லானுவெத், துஃப்ரேன், பெல்ஃபேய் என்று தனித்தனிப் பெயர் பூண்டார்கள். குடும்பம் பெருகி, ஒரே பகுதியில் அதே இடுபெயர்கள் மீண்டும் மீண்டும் வரும்போது எந்தக் கிளை என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஆகவே ஒரு துஃப்ரேனும் ஒரு லொரான்ஜேயும் ஒரே வேரின் கிளைகளாக இருக்கலாம். பெயரில் அதற்கு எந்தத் தடயமும் இராது.

மூதாதையரைத் தேடுவோர் தடுமாறும் இடம் இதுவே. ஒரே மனிதர் திருமணப் பதிவில் ‘தி’க்கு முன்னுள்ள முதல் குடும்பப் பெயரோடும், பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இரு பெயரோடும், அடக்கப் பதிவில் இரண்டாம் பெயரோடு மட்டும் வரக்கூடும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் மூன்று வெவ்வேறு ஆட்கள் என்றே தோன்றும். கைகொடுப்பவர்கள் பெண்கள். நியூ பிரான்ஸ் பதிவுகளில் மனைவி பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். கணவனின் பெயர் எப்படி மாறினாலும், பிள்ளைகளின் பதிவுகளில் தாயின் பெயர் ஒன்றாகவே இருந்தால் குடும்பம் பிடிபட்டுவிடும். தேவாலயப் பங்குப் பதிவேடுகள் இரு படிகளாக எழுதப்பட்டு, ஒன்று நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டதால் இவ்வளவும் நமக்குக் கிடைத்தன. இவற்றைத் துருவித்தான் பாதிரியார் சிப்ரியன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகக் கனடியக் குடும்பங்களின் வம்சாவளி அகராதியை வெளியிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரட்டைப் பெயர்கள் ஒற்றையாகச் சுருங்கின. எது நிற்கும், எது போகும் என்பதற்கு விதி இருக்கவில்லை. 1896-இல் கனடாவின் பிரதமரான வில்ஃப்ரிட் லோரியேயின் மூதாதை ஃபிரான்சுவா கொத்தினோ தி ஷாம்ப்லோரியே. முதல் குடும்பப் பெயர் முற்றாக மறைந்தது. இரண்டாம் பெயரின் பின்பாதி மட்டும் நாட்டின் தலைமைப் பதவி வரை வந்தது. ஐந்து டாலர் நோட்டில் அச்சான பெயரும் அதுவே.

‘தி’யை வெறும் பட்டப்பெயர்க் குறியாகக் கருதி ஒதுக்குவது பெருந்தவறு. அதன் இருபுறமும் நிற்பவை சம உரிமையுள்ள குடும்பப் பெயர்கள். எந்தப் பக்கத்தை விட்டாலும், அந்தப் பக்கம் போன உறவுகள் அனைத்தும் நம் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். கியூபெக்கில் வேர் தேடுவோர் முதலில் கற்க வேண்டிய பிரெஞ்சுச் சொல் இதுதான்.