நரையும் ஊதாவும்

மயிர் நரைத்தல் இயற்கை. அதனை மனிதர் மதித்தும் மறைத்தும் வந்தமையோ நீண்டதொரு வரலாறு.

கரிகாற் சோழன் இளையன் ஆதலின் தம் வழக்கைத் தீர்க்க வல்லனோ என முதியோர் இருவர் ஐயுற்றனர். அவன் நரைமுடி தரித்து வந்து முறை கூறினான் என்னும் செய்தியைப் பழமொழி நானூறு சுட்டுகின்றது. பிசிராந்தையாரோ, ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்கு நல்ல மனைவி மக்களும், முறை தவறாத அரசனும், சான்றோர் நிறைந்த ஊருமே காரணம் எனப் புறநானூற்றின் 191-ஆம் பாட்டில் உரைத்தார். நரை முதிர்ந்த அறிவுக்கும், நரையாமை கவலையற்ற வாழ்வுக்கும் அடையாளமாயின என்பது இவற்றால் புலனாகும்.

மேலைநாட்டில் பண்டைய கிரேக்கரும் உரோமரும் ஈய ஆக்சைடையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தலையிற் பூசினர். மயிரிலுள்ள கந்தகத்தோடு ஈயம் கூடி, கரிய நுண்துகள்கள் மயிரினுள்ளேயே விளைகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006-இல் மெய்ப்பித்தனர். நிறம் நிலைத்தது, ஆனால் ஈயம் நஞ்சாயிற்றே! ஈய அசிடேட்டு கலந்த சாயத்துக்குரிய அனுமதியை நீக்க அமெரிக்க உணவு மருந்து ஆணையம் முடிவுசெய்தது 2018-இல்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியல் இத்துறையுட் புகுந்தது. 1818-இல் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டார். மயிரின் கருமையை அது வெளுக்கும் திறம் 1867-இல் பாரிசுப் பொருட்காட்சியில் காட்டப்பெற்றது. அதற்கு முன்பே, 1856-இல், ஹாஃப்மன் என்னும் ஆசிரியரின் மாணவரான பதினெட்டு வயதுப் பெர்க்கின், குவினைன் செய்ய முயன்று, எதிர்பாராது ஊதாச் சாயம் ஒன்றைப் பெற்றார். செயற்கைச் சாயத் தொழில் அதனின்று வளர்ந்தது. 1907-இல் பாரிசில் யூஜின் ஷூல்லேர் செயற்கை மயிர்ச் சாயம் செய்து விற்றார்.

இன்று நரைமயிரையும், கீற்றுக் கீற்றாக வெளுத்த மயிரையும் பேணுவோர் ஊதா நிற ஷாம்பூவை நாடுகின்றனர். ஏன்? நரைமயிரில் நிறமி இல்லாமையால் வெயில், புகை, நீரிலுள்ள உலோகங்கள் ஆகியவற்றால் படியும் மஞ்சள் எளிதில் தெரிகின்றது. வெளுத்த மயிரிலோ இயல்பான மஞ்சளே எஞ்சுகின்றது. நிறவட்டத்தில் மஞ்சளுக்கு எதிர்நிற்பது ஊதா. சிறிதளவு படியுமாயின் மஞ்சளை அடக்கி வெண்மையைத் துலக்கும். அளவு மிகின் மயிரே ஊதாவாகும். ஆதலின் வாரம் ஒருமுறை பெரும்பாலும் போதும். கொதிநீர் தவிர்த்து இளஞ்சூட்டு நீரில் அலசுவதும், வெயிலில் தலையை மூடுவதும் நன்று.

கருஞ்சாயம் பூசுவோர்க்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். அச்சாயங்கள் பலவற்றிலுள்ள பாராபினைலீன் டையமைன் சிலர் தோலுக்கு ஒவ்வாது. தடிப்பும் வீக்கமும் உண்டாகும். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும்.

நரையை மறைப்பதும் விளங்கச் செய்வதும் அவரவர் விருப்பம். ஆயின் பூசும் பொருள் யாது என்றறியாமற் பூசுதல் கூடாது. ஈயம் பூசிய பண்டையோர்க்கு அந்த அறிவு வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்திருக்கின்றது.